சொல்லிவிட்டு வந்த ஊர்

அக்கா யாரிடமும் "போயிட்டு வர்றேன்" என்று சும்மா சொன்னதில்லை.

நாமெல்லாம் சொல்கிறோம். கடையில் கால் கிலோ சீனி வாங்கினாலும் சொல்கிறோம், பல்லைப் பிடுங்கி அனுப்பிய டாக்டரிடமும் சொல்கிறோம். வெறுமனே "போறேன்" என்றால் அபசகுனம் என்று சின்ன வயதிலேயே பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். அதனால் இனி ஜென்மத்துக்கும் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவெடுத்த வீட்டு வாசலிலும் நின்று, பல்லைக் காட்டி, போயிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறோம். அக்காவுக்கு அந்த விளையாட்டுத் தெரியாது. வர்றேன் என்றால் வருவார். வரும் எண்ணம் இல்லையென்றால், "சரி, நான் போறேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டுவார்.

கலேவெலையில் ஒரு கல்யாண வீட்டில் அப்படிச் சொன்னதும் பெண்ணின் அம்மா பதறிப்போனார்.

"என்னாங்க, நல்ல நாளும் அதுவுமா போறேங்குறீங்க. வர்றேன்னு சொல்லுங்க."

அக்கா யோசித்தார். உண்மையாகவே நின்று யோசித்தார். "கலேவெல தூரமுங்க. ஒங்க மகளுக்குப் புள்ள பொறந்தா வர்றேன்."

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் வேனின் கதவைத் தட்டினார். "தம்பி, கலேவெலைக்குப் போகணும். புள்ள பொறந்திருச்சாம்." போனோம். அந்த வீட்டார் அக்காவைச் சுத்தமாக மறந்திருந்தார்கள். பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளையின் சொந்தம் என்று நினைத்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் சொந்தம் என்று நினைத்தார்கள். இரண்டு தரப்பும் போட்டி போட்டுக்கொண்டு எங்களுக்குச் சோறு போட்டார்கள். அக்கா பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, "சரி, நான் போறேன்" என்று கிளம்பினார். கணக்கு முடிந்தது என்கிற முகம்.

அக்கா எங்கள் பக்கத்து வீடு. மாத்தளை டவுனில் கடைகளுக்கும், கந்தோர்களில் வேலை செய்கிறவர்களுக்கும் பகல் சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் வேன் ஓட்டுகிறவன். சுற்றுலாக்காரர்களை சிகிரியாவுக்கு ஏற்றிச் சென்று, அவர்கள் மலையில் ஏறி இறங்கும்வரை வேனுக்குள் கால் நீட்டித் தூங்குவது என் தொழில். சிகிரியாவை எத்தனையோ நூறு தடவை பார்த்திருக்கிறேன். எல்லாத் தடவையும் கீழேயிருந்து.

என்னுடைய சொல்லின் தரத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தொலைபேசியில் நான் எப்போதும் 'இந்தா வந்துட்டேன்'. முகத்தில் சவர்க்கார நுரையோடு நின்றபடி, நாவுலையைத் தாண்டிவிட்டதாகச் சொல்லியிருக்கிறேன். யட்டவத்தையில் என் வேனுக்காகக் காத்திருந்த ஒரு மாப்பிள்ளை கடைசியில் ஓட்டோ பிடித்துப் போய்க் கல்யாணம் கட்டினார். இன்றைக்கும் ரோட்டில் கண்டால், அண்ணன் முறை வைத்து, "என்ன நானா, கிட்ட வந்துட்டீங்களா?" என்பார். அவருக்கு இப்போது மூன்று பிள்ளைகள்.

யாராவது இறுக்கிப் பிடித்தால் "இன்ஷா அல்லாஹ்" என்று ஒன்றைச் சேர்த்துக்கொள்வேன். அக்காவிடம் அது எடுபடாது.

"தம்பி, படச்சவன் மேல பாரத்தப் போட்டுட்டு நீ பாயில படுத்துக்கிற. நீ வருவியா மாட்டியா, அதச் சொல்லு."

என் உம்மா மௌத்தான அன்று அக்கா எங்கள் வாசலில் நின்று, "நாளைக்கும் வர்றேன்" என்றார். அன்றைக்கு நூறு பேர் அதையே சொன்னார்கள். மறுநாள் சோறும் பருப்பும் எடுத்துக்கொண்டு வந்தவர் அக்கா. கிளம்பும்போது மறுபடியும், "நாளைக்கும் வர்றேன்." இப்படியே நாற்பது நாள். நாற்பத்தோராவது நாள் சட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு, "சரி, நான் போறேன்" என்றார். உம்மா போன அன்று நான் அழவில்லை, வேலை இருந்தது. அன்றைக்குத்தான் அழுதேன்.

இந்தப் பெண்மணிக்கு ஒரே ஒரு இடத்தில் சொல் தவறியிருந்தது. அந்த இடம் தென் அமெரிக்காவில் இருந்தது.

அக்கா முதலில் குவைத்துக்குத்தான் வீட்டு வேலைக்குப் போனார். வேலை செய்த வீடு ஒரு பிரேசில் நாட்டு எஞ்சினியருடையது. அவர்கள் ஊர் திரும்பும்போது, கைக்குழந்தை அக்காவை விட்டு இறங்க மறுத்ததால் அக்காவையும் கூட்டிப்போய்விட்டார்கள். சல்வதோர் என்கிற ஊர். கடலோரத்தில், மேல் ஊர், கீழ் ஊர் என்று இரண்டு அடுக்காக இருக்கிற ஊர். அக்கா அங்கே நான்கு வருஷம் இருந்தார். அதற்குப் பிறகு மாத்தளையில் இருபது வருஷமாக அந்த ஊரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"பாஷ கஷ்டமில்லக்கா?" என்று யாராவது கேட்டால் போதும்.

"என்னா கஷ்டம்? பாணுக்குப் பாண், மேசைக்கு மேச, ஜன்னலுக்கு ஜன்னல், சப்பாத்துக்குச் சப்பாத்து. போர்த்துக்கேயன் இங்க விட்டுட்டுப் போனத நான் அங்க கொண்டு போய்க் குடுத்தேன்."

அந்த ஊரில் பலா மரம் தெருவிலேயே நிற்குமாம். ஆனால் பழமாக மட்டும்தான் தின்பார்களாம். பிஞ்சைக் கறியாக்கத் தெரியாதாம். நாம் இங்கே பொலொஸ் என்று சிங்களத்தில் சொல்கிற பலாப்பிஞ்சுக் கறியை அந்த ஊரில் முதன்முதலில் அடுப்பில் ஏற்றியவர் தாம்தான் என்பது அக்காவின் வாதம். மறுப்பதற்கு எங்களிடம் சாட்சி இல்லை.

அங்கே அவருக்கு ஒரு தோழி. லூசியா என்று பெயர். மேல் ஊரில் ஒரு தெரு முனையில் வெள்ளை உடுப்பும் தலைக்கட்டுமாக உட்கார்ந்து, கௌபிப் பயறை அரைத்துச் சிவப்பு எண்ணெயில் பொரித்து விற்கிறவர். ("நம்ம வடைக்குச் சித்தி மக தம்பி, ஆனா உள்ள எறா வைப்பாங்க.") லீவு நாளான ஞாயிற்றுக்கிழமையெல்லாம் அக்கா குன்றின் மேலிருந்த லூசியாவின் வீட்டில்தான். அங்கேதான் பொலொஸ் சரித்திரம் நடந்தது.

ஒரு நாள் மாத்தளையிலிருந்து தொலைபேசி வந்தது. வீட்டுக்காரர் வாதம் வந்து விழுந்துவிட்டார். அன்று மத்தியானமே விமானம். போகிற வழியில் அந்தத் தெரு முனையில் காரை நிறுத்தச் சொல்லி, கண்ணாடியை இறக்கி, அக்கா ஒரு சொல் சொன்னார். "வோல்த்து." திரும்பி வர்றேன் என்று அர்த்தம். லூசியா எண்ணெய்க் கரண்டியைக் கையில் பிடித்தபடி தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் பதினொரு வருஷம் படுக்கையில் கிடந்தார். பிறகு மகன்மார். பிறகு அக்காவின் சொந்தக் கால்கள். இரண்டு கடுதாசி போட்டதற்கும் பதில் இல்லை. லூசியாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது.

"எல்லாருக்கிட்டயும் போயிட்டு வந்துட்டேன் தம்பி. அவ ஒருத்திதான் நிக்கிறா. கரண்டியோட நிக்கிறா" என்பார், சோற்றுப் பார்சலுக்கு நூல் கட்டிக்கொண்டே.

அக்கா தூக்கி வளர்த்த அந்தக் குழந்தை வளர்ந்து கல்யாணத்துக்குத் தயாராகி, இரண்டு விமான டிக்கெட் அனுப்பியது. ஒன்று அக்காவுக்கு, ஒன்று துணைக்கு வருகிற ஆளுக்கு. மூத்த மகன் கட்டாரில், லீவு இல்லை. இளையவனுக்கு பஸ்ஸில் கண்டிக்குப் போனாலே வயிறு கலங்கும். அக்கா என்னைப் பார்த்தார்.

"நீ இங்கிலீஷ் பேசுறவன் தானே."

என் மனைவியிடம் அனுமதி கேட்கப் போனேன். தடுப்பாள் என்ற நம்பிக்கையோடுதான் போனேன். அவள் வேலிக்கு மேலால் அக்காவிடம் சொன்னாள், "தாராளமாக் கூட்டிட்டுப் போங்க அக்கா. திருப்பிக் கொண்டுவர அவசரமில்ல."

மூன்று விமானம் மாறி, இரண்டு நாள் உட்கார்ந்தே போனோம். எனக்கு வேன் சீட்டில் தேய்ந்த முதுகு. அக்கா ஒவ்வொரு விமானத்திலும் இறங்கும்போது பணிப்பெண்ணிடம், "சரிம்மா, நான் போறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அங்கே பெட்டியைச் சோதித்த அதிகாரி அக்கா வறுத்து இடித்த கறித்தூள் டின்னைத் திறந்து, ஆழமாக மணந்து பார்த்து, ஏழெட்டுத் தடவை தும்மி, கையாலேயே போகச் சொன்னார்.

என் இங்கிலீஷ் அந்த ஊரில் ஒரு கோப்பைத் தண்ணீர் வாங்கவும் உதவவில்லை. ஒருவருக்கும் தெரியாது. அக்காவோ விமான நிலைய வாசலிலேயே டாக்சிக்காரரோடு சிரித்துப் பேச ஆரம்பித்துவிட்டார். துணைக்குப் போனவன் ஒரு பெட்டி மாதிரி பின்சீட்டில் இருந்தேன். என்னைச் சுட்டி ஏதோ கேட்டார் டாக்சிக்காரர். அக்கா பதில் சொன்னதும் இருவரும் ஒரு நிமிஷம் சிரித்தார்கள்.

"என்னக்கா சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல. நீ நல்ல டிரைவர்னு."

கல்யாணம் நன்றாக நடந்தது. அந்தப் பெண் வெள்ளை உடுப்போடு ஓடிவந்து அக்காவின் தோளில் ஏறப் பார்த்தது. அக்காவைவிட ஒரு முழம் உயரம். அதைப் பற்றி நான் அதிகம் எழுதவில்லை, ஏனென்றால் அக்கா கல்யாண வீட்டிலும் ஜன்னல் வழியாகக் குன்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். லூசியாவைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பக்கமெல்லாம் மாறிப்போய்விட்டது, பழைய ஆட்கள் இல்லை என்று மணப்பெண்ணே சொன்னாள். ஆள் இருக்கிறாரா என்று தெரியாமல் குன்று ஏற அக்காவின் கால்கள் இடம் தராது. எங்களுக்கு மிச்சமிருந்தது மூன்று நாள்.

முதல் நாள் அந்தத் தெரு முனையைக் கண்டுபிடித்தோம். அங்கே கண்ணாடிக்குள் காலணி அடுக்கிய ஒரு சப்பாத்துக் கடை இருந்தது. உள்ளே இருந்த பெண்ணுக்கு லூசியா என்ற பெயரே புதுசு. என் தொலைபேசியில் அந்த நாட்டு சிம் இல்லை, கல்யாண வீட்டுக்கும் பேச முடியாது. கையும் காலும் கட்டிப் போட்ட மாதிரி இருந்தது.

"அக்கா, இங்கயே நில்லுங்க. சிம் ஒண்ணு வாங்கிட்டு அஞ்சு நிமிஷத்துல வாரேன்."

இந்த வசனத்தை என் வாழ்நாளில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். வாய் தானாகச் சொன்னது.

ஒரு வளைவு திரும்பினேன். இறக்கமாக இருந்தது. என் கால்களுக்கு இறக்கம் பிடிக்கும். இறங்கினேன். இன்னொரு வளைவு. இன்னும் இறக்கம். கடைசியில் கடல் வந்துவிட்டது, நான் கீழ் ஊரில் நின்றேன். திரும்பிப் பார்த்தால் எல்லாத் தெருவும் ஒரே மாதிரி மஞ்சள், நீலம், ரோஸ் வீடுகள். வழி கேட்கலாம் என்றால், எனக்குத் தெரிந்த அந்த ஊர்ப் பாஷை மேசை, ஜன்னல், பாண், கோப்பை, சப்பாத்து. இதை வைத்துக்கொண்டு ஒரு வீட்டுக்குச் சாமான் வாங்கலாம், வழி கேட்க முடியாது. "சப்பாத்து, சப்பாத்து" என்று கேட்டுக் கேட்டு நான்கு வேறு சப்பாத்துக் கடைகளைப் பார்த்தேன். இடையில் மழை ஒரு அடி அடித்தது, பிறகு வெயில், மறுபடி மழை. ஏற்றத்தில் என் முழங்கால் இரண்டும் தனித்தனியாக முனகின.

சரியான முனைக்கு வந்து சேர மூன்று மணி நேரம் ஆயிற்று.

அக்கா நான் விட்ட அதே இடத்தில், அதே கல்லின் மேல் நின்றுகொண்டிருந்தார். சேலை நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்திருந்தது. கால் இரண்டும் பேக்கரிப் பணிஸ் மாதிரி வீங்கிச் செருப்பின் பட்டி உள்ளே புதைந்திருந்தது. சப்பாத்துக் கடைப் பெண் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து கதவுக்குள் போட்டிருந்தாள். அது காலியாக இருந்தது.

"ஏனக்கா உள்ள ஒக்காரல்ல?"

"உள்ள ஒக்காந்தா ஒன் கண்ணுக்குப் படாதே."

ஊரில் எத்தனை பேர் எத்தனை வாசலில் இப்படி நின்றிருப்பார்கள் என்று அப்போதுதான் முதல் தடவையாக நினைத்தேன். யட்டவத்தை மாப்பிள்ளை கோட்டுப் போட்டுக்கொண்டு வெயிலில் நிற்பது கண்ணில் தெரிந்தது.

"வந்துட்டே தானே, விடு" என்றார் அக்கா. பிறகு முகம் மலர, "நீ நேரத்துக்கு வந்திருந்தாத்தான் கெட்டிருக்கும். அந்தக் கச்சான் விக்கிற கெழவன் தப்பியிருப்பான்."

மூன்று மணி நேரம் லூசியாவின் முனையில் ஒரு சேலைக்காரி நின்றால் யாராவது கேட்கத்தானே செய்வார்கள். கச்சான் கடலைக் கூடையோடு போன ஒரு கிழவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்து, மூன்றாவது தடவை வந்து, பலாக்காய்க்காரிதானே என்று கேட்டிருக்கிறார். லூசியா உயிரோடுதான் இருக்கிறார். அதே குன்று, அதே வீடு. முழங்கால் போனதால் பொரிக்க இறங்குவதில்லை.

"இப்பவே போவோமாக்கா?"

அக்கா தன் காலைப் பார்த்தார். "நாளைக்குப் படுத்துக்கிறேன். நாளண்ணைக்கு ஏறுவோம்."

ஆகவே கடைசி நாள்தான் குன்று ஏறினோம். அது ஜூன் மாதம், அவர்களுடைய யோவான் புனிதரின் திருநாள். வீட்டுக்கு வீடு வாசலில் விறகு அடுக்கியிருந்தார்கள். குன்றில் தெரு என்று இருப்பது தெரு அல்ல, படி. படிக்கு மேல் படி. அக்கா பத்துப் படிக்கு ஒரு தடவை நின்றார். நான் எட்டுக்கு ஒரு தடவை.

"எனக்குத் தொணைக்கு வந்தியா, நான் ஒனக்குத் தொணைக்கு வந்தேனா?" என்றார்.

நீல வாசலில் ஒரு பெரிய உடம்புக்காரி ஸ்டூலில் உட்கார்ந்து சோளத்துக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிர்ந்தார். பார்த்தார். அக்காவும் மூச்சு வாங்கிக்கொண்டு அப்படியே நின்றார். கட்டிப் பிடிப்பார்கள், ஒப்பாரி வைப்பார்கள், நான் கைக்குட்டை கொடுக்க வேண்டியிருக்கும் என்று பையைத் துழாவினேன். லூசியா சோளத்தை மடியில் வைத்துவிட்டு ஒரே சொல் சொன்னார்.

"தெமொரோ."

"என்னவாம் அக்கா?"

"லேட்டாயிருச்சாம்."

அதற்குப் பிறகு லூசியா உள்ளே கையை நீட்டி ஒரு கத்தியை எடுத்து அக்காவிடம் கொடுத்து, பின்பக்கத்துப் பலாமரத்தைக் காட்டினார். பருவம் தப்பிக் காய்த்த ஒரு பிஞ்சு அடிமரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அக்கா கத்தியிலும் கையிலும் எண்ணெய் தடவிக்கொண்டு, பால் ஒட்டாமல், நேற்றுத்தான் விட்டுப் போன வேலை மாதிரி வெட்ட ஆரம்பித்தார். இருவரும் கத்திக் கத்திப் பேசிக்கொண்டார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அழுகிறார்களா சிரிக்கிறார்களா என்பதும் சரியாகப் புரியவில்லை, வெங்காயமும் இருந்தது.

பொழுது சாயும்போது குன்று முழுவதும் வாசல் வாசலாகத் தீ மூட்டினார்கள். ஒருவர் பெட்டி வாத்தியத்தை மார்பில் மாட்டிக்கொண்டு வாசிக்க, கச்சான் கிழவரும் வந்து சேர்ந்தார். அக்காவின் சட்டியைச் சுற்றிக் கூட்டம். மூடியைத் திறந்ததும் அந்தப் படிக்கட்டிலேயே நம் வறுத்த கறித்தூள் மணந்தது. ஒரு கிழவி ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி, அக்காவைக் காட்டி மற்றவர்களிடம் ஏதோ நீளமாகச் சொன்னார்.

"என்ன சொல்றாங்க?"

"லூசியா வருஷா வருஷம் ஆக்குவாளாம். ஒரு தடவையாச்சும் சரியா வந்ததில்லையாம். 'அந்த இலங்கைக்காரியோட கறி'ன்னு சொல்லித்தான் எல்லாரும் திம்பாங்களாம்." அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஊருல சாட்சி இல்லன்னியே."

எனக்குச் சோளமும் கச்சானும் பொலொஸும் போதும் போதும் என்கிற அளவுக்குத் தந்தார்கள். பிறகு அதே கிழவி என்னைக் கையைப் பிடித்து இழுத்து ஆட வைத்தார். நான் ஆடியதை ஆட்டம் என்று சொன்னால் அந்தக் கலைக்கு அவமானம். பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவன் பிரேக் போடும்போது செய்வதை விடாமல் செய்துகொண்டிருந்தேன். கை தட்டினார்கள். இரண்டு தோழிகளும் ஒரே வாங்குப் பலகையில் உட்கார்ந்து, வீங்கிய கால்கள் நான்கையும் ஒரு பெட்டியின் மேல் நீட்டி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அக்கா அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. சந்தோஷமான மனிதர்களைப் பார்ப்பதும் களைப்பாகத்தான் இருக்கிறது, பார்த்துப் பழக்கமில்லாவிட்டால்.

விடியக்காலை விமானம். ராத்திரியே படி இறங்க வேண்டும். நான் பையை எடுத்தேன்.

லூசியா எழுந்து நின்றார். சட்டியைக் கிளறிய கரண்டி கையிலேயே இருந்தது. அக்கா என்ன சொல்லப் போகிறார்? வர்றேன் என்றால் அந்தக் கால்கள் கேட்குமா? சொல்லாவிட்டால் இந்த மனுஷி தாங்குவாளா?

"தம்பி, நீ சொல்லு."

"என்னத்தக்கா?"

"வர்றேன்னு சொல்லு."

"நான் எதுக்கு? நீங்கதானே சொல்லணும்."

"என் காலப் பாத்தே தானே. நான் சொன்னா பொய்யாப் போயிரும்."

"இன்ஷா..."

"அவன இழுக்காத. வோல்த்து. ஒரு சொல்லுதான்."

சொன்னேன். எத்தனையோ ஆயிரம் பேரிடம் சொன்ன வாய், அது பாட்டுக்குச் சொன்னது. லூசியா என்னைத் தலையிலிருந்து கால்வரை, பழைய வேனை விலை கேட்க வந்தவர் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். முழங்காலில் கொஞ்சம் நேரம் கண்ணை நிறுத்தினார். பிறகு தலையை ஆட்டினார்.

அக்கா லூசியாவின் கன்னத்தைத் தடவி, தமிழில், "சரி, நான் போறேன்" என்றார்.

லூசியாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

பாதிப் படியில் அக்கா என் தோளைப் பிடித்து நின்றார். "சொல்லிட்டே. இனி அவ ஒனக்காக நிப்பா."

ஊர் வந்து நாலு மாதத்தில் அக்காவை மாத்தளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கால் வீக்கம் நெஞ்சுவரை ஏறிவிட்டது என்றார்கள். நான் பார்க்கப் போய்விட்டுக் கிளம்பும்போது, பழக்கதோஷத்தில், "வாரேன் அக்கா" என்றேன்.

"எப்ப?"

"நாளைக்கு."

"எத்தன மணிக்கு?"

"பன்னெண்டு மணிக்கு."

மறுநாள் பன்னிரண்டுக்குப் போய் நின்றேன். அக்கா சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "முடியுது தானே ஒனக்கு" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அதே கேள்வி, அதே நேரம், நானும் அதே கட்டில் பக்கம். வேனுக்கு வந்த ஹயர் இரண்டை விட்டேன். அந்த ஆட்களிடம் வரமாட்டேன் என்றே சொன்னேன். அவர்கள் தவறான நம்பருக்குப் பேசிவிட்டதாக நினைத்தார்கள்.

பதினோராவது நாளோ பன்னிரண்டாவது நாளோ, "வாரேன் அக்கா" என்று எழும்பியபோது அக்கா மணி கேட்கவில்லை.

"மெதுவா வா" என்றார்.

மறுநாள் நான் போனபோது கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மணி பன்னிரண்டுதான்.

லூசியாவின் பேத்தி ஒரு தொலைபேசி வைத்திருக்கிறாள், அந்த நம்பரை அக்கா வாங்கி வைத்திருந்தார். செய்தியை அவளுக்குத்தான் அனுப்பினேன். அன்றிலிருந்து மாதத்துக்கு ஒரு குரல் செய்தி வரும். லூசியாவின் குரல். நீளமாக ஏதேதோ சொல்லிக் கடைசியில் ஒரு கேள்வி. அந்தக் கேள்வி மட்டும் எனக்குப் புரியும். நானும் விரல் பழக்கத்தில் ஒரு சிரிப்புப் படத்தை அனுப்பிவிட்டுக் கவிழ்ந்து படுத்துவிடுவேன்.

இந்த ஜூன் மாதம் வந்த செய்தியில் பின்னால் பெட்டி வாத்தியம் கேட்டது. விறகு வெடிக்கிற சத்தமும் கேட்டது. பலாமரத்தில் பிஞ்சு இருக்கிறதாம். பேத்தி படம் அனுப்பியிருந்தாள். என் மனைவி பக்கத்தில் இருந்து பார்த்தாள்.

"இஞ்சாருங்க, அந்த மனுசி நின்டுக்கிட்டு ஈப்பா. என்ன சொல்லப் போறீங்க?"

சமீப காலமாகச் சிகிரியாவில் ஆட்களை இறக்கிவிட்டு, தூங்காமல், நானும் பின்னால் ஏறிப் பார்க்கிறேன். கல்லில் செதுக்கிய சிங்கத்தின் பாதம் இருக்கிறதே, அதுவரை போய்விட்டேன். அங்கே உட்கார்ந்துவிட்டேன். மேலே இன்னும் பாதி மலை இருக்கிறது. லூசியாவின் படிகள் அதைவிடக் குறைவு என்று நினைக்கிறேன். எண்ணியதில்லை.

தொலைபேசியை வாய்க்குக் கிட்டே வைத்தேன். 'இந்தா வந்துட்டேன்' நாக்கு நுனிவரை வந்து நின்றது. விழுங்கினேன்.

"இன்னும் கெளம்பல்ல, வீட்டுலதான் ஈக்கிறேன்" என்றேன், தமிழில். பேத்தி தொலைபேசியில் போட்டு எப்படியாவது மொழிபெயர்த்துச் சொல்லிவிடுவாள். பிறகு அந்த ஒரு சொல்லையும் சொன்னேன்.